சும்மா கிடக்கிற நிலம்

எதிர்ப்பு 10,924. ஆதரவு 98.

ஏதோ இடைத்தேர்தலில் டெபாசிட் பறிகொடுத்த சுயேச்சையின் கணக்கு மாதிரி இருக்கிறதா? அதுதான் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் லூயிஸ் என்று ஒரு தீவு. அங்கே காற்றாலைகள் அமைக்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்கு வந்து குவிந்த கடிதங்களின் கணக்கு இது. இத்தனைக்கும் உள்ளூர் கவுன்சில் ‘பேஷாக அமைக்கலாம்’ என்று பச்சைக்கொடி காட்டிய திட்டம் அது.

காற்றாலை என்பது ரொம்ப சாதுவான சமாசாரம். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. அணு உலை மாதிரி வெடித்துத் தொலைக்குமோ என்று ராத்திரி விழித்துக் கிடக்க வேண்டாம். அது பாட்டுக்கு சுற்றும், மின்சாரம் தரும். அதைப் போய் ஏன் இப்படி விரட்டினார்கள்?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், நூற்றறுபது வருஷம்.

முதலில் அந்த நிலத்தைப் பார்த்துவிடுவோம். லூயிஸின் நடுப்பகுதி முழுக்க ஒரே சதுப்பு வெளி. மரம் மட்டை எதுவும் கிடையாது. பழுப்பு நிறப் புல், குத்துச்செடி, எண்ணி மாளாத குட்டைகள். காலை வைத்தால் புதையும். கார் கண்ணாடி வழியே பார்க்கிற டூரிஸ்டுக்கு இரண்டு நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்பார்.

ஆனால் உள்ளூர்க்காரனுக்கு அதுதான் அடுப்பு. அந்தச் சதுப்பு மண்ணுக்கு ‘பீட்’ என்று பெயர். செத்த செடி கொடிகள் முழுக்க மக்காமல் தண்ணீருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வருடம் அடைந்து கிடந்து உருவான மண். வெட்டிக் காயவைத்தால் கரி மாதிரி எரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சதுப்பில் தனக்கென்று ஒரு வெட்டும் இடம். வசந்த காலத்தில் வெட்டி, காயப்போட்டு, வீட்டு வாசலில் வைக்கோல் போர் மாதிரி அடுக்கிவிட்டால் குளிர்காலக் கவலை தீர்ந்தது.

அது மட்டுமல்ல. கோடை வந்ததும் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை ஓட்டிக்கொண்டு சதுப்புக்குள் போய்விடுவார்கள். அங்கே கல்லும் புல்லும் வைத்துக் கட்டிய சின்னக் குடிசைகள். மாடு மேயும், பால் கறக்கும், வெண்ணெய் திரளும். சாயங்காலமானால் பாட்டு, கதை, காதல். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பழக்கம் மெல்ல மங்கிவிட்டது. குடிசைகளின் அடையாளம் மட்டும் இன்னும் இருக்கிறது. எந்தக் குடிசை எந்தக் குடும்பத்துடையது என்று சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் காற்றாலைச் சண்டை வந்த காலத்தில் அங்கே இருந்தார்கள்.

சரி, இப்போது கதைக்கு வருவோம். இதில் மூன்று பெரிய மனிதர்கள் வருகிறார்கள். மூவருக்கும் லூயிஸின் மேல் ஒரே மாதிரி கனவு. முதல் ஆள் அபின்காரர். இரண்டாவது ஆள் சோப்புக்காரர். மூன்றாவது ஆள் என்பது ஆளே அல்ல, ஒரு கம்பெனி.

1844-ல் லூயிஸ் தீவு மொத்தமாக விலைக்கு வந்தது. மக்களோடு சேர்த்துத்தான். விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பவுண்ட். வாங்கியவர் ஜேம்ஸ் மாத்தசன். ‘ஜார்டின் மாத்தசன்’ கம்பெனியின் பங்குதாரர். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் கொண்டுபோய் விற்றுக் கொழித்த கம்பெனி அது. ஆக, நம் ஊர் கசகசாச் செடியில் வடிந்த பாலில்தான் அந்த ஸ்காட்லாந்துத் தீவு கைமாறியது என்று சொன்னால் தப்பில்லை.

மாத்தசனை முழு வில்லனாக்கிவிட முடியாது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது தானியம் இறக்கினார். ரோடு போட்டார். அதற்காக அரசாங்கத்தில் பட்டம்கூடக் கிடைத்தது. கலனிஷ் என்ற இடத்தில் ஐயாயிரம் வருடப் பழமையான கல்தூண்கள் உண்டு. 1857-ல் அவற்றைச் சுற்றி வளர்ந்திருந்த பீட்டை அகற்றச் சொன்னதும் அவர்தான். சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் அகற்றிய பிறகே தூண்களின் முழு உயரமும் தெரிந்தது. அங்கே மண் சும்மா கிடக்கவில்லை, வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது!

ஆனால் அதே மாத்தசன்தான் 1851-ல் தொடங்கி, வாடகை கட்ட முடியாத ஏழைகளை ஆயிரத்துக்கும் மேலாகக் கப்பல் ஏற்றி கனடாவுக்கு அனுப்பிவைத்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் அவர், மற்றவர்களெல்லாம் குத்தகைக்காரர்கள். ‘கிராஃப்டர்’ என்பார்கள். துண்டு நிலம், ஊர்ப் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு, அவ்வளவுதான் சொத்து. ‘கிளம்பு’ என்றால் கிளம்ப வேண்டும்.

கிளம்ப மாட்டோம் என்று முதலில் சொன்னவர்கள் பெர்னரா என்ற குட்டித் தீவின் கிராஃப்டர்கள். சண்டை எதற்குத் தெரியுமா? இதே சதுப்புக்குத்தான்.

மாத்தசனுக்கு டொனால்ட் மன்றோ என்று ஒரு காரியஸ்தர். ஊரில் இருந்த உத்தியோகங்களில் பாதிக்கு மேல் அவர் பையில்தான். பெர்னரா மக்கள் காலம்காலமாகக் கோடையில் மாடு மேய்த்த சதுப்பை அவர் பிடுங்கினார். பதிலுக்கு வேறொரு இடம் கொடுத்து, ‘நீங்களே சுவர் கட்டிக்கொள்ளுங்கள்’ என்றார். அவர்களும் மைல் கணக்கில் கட்டினார்கள். கட்டி முடித்துக் கொஞ்ச நாள் ஆனதும், ‘அதையும் விட்டுவிடு’ என்றார். மறுத்தால்? வீட்டையே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்.

1874-ல் நோட்டீஸ் கொண்டுவந்த அமீனாவை மண்ணாங்கட்டியால் அடித்தார்கள். அவர் கோட்டு கிழிந்தது. மூன்று பேர் மேல் வழக்கு. ஊர் ஆண்கள் குழல் வாத்தியம் முழங்க தலைநகர் ஸ்டோர்னோவே வரை நடந்தே போய், மாத்தசனின் கோட்டைக் கதவைத் தட்டினார்கள். அவரோ, ‘எனக்கு ஒன்றுமே தெரியாதே’ என்றார். (முதலாளிகள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.) கோர்ட்டில் மூவரும் விடுதலை. மன்றோவின் ராஜ்ஜியம் அத்தோடு சரிந்தது.

கிழிந்த அந்த ஒரு கோட்டு ஸ்காட்லாந்தின் சரித்திரத்தையே மாற்றிவிட்டது என்றால் நம்புவீர்களா? அங்கிருந்து போராட்டம் மற்ற இடங்களுக்கும் பரவி, விசாரணைக் கமிஷன் வந்து, 1886-ல் கிராஃப்டர் சட்டம் வந்தது. வாடகை ஒழுங்காகக் கட்டுகிற குத்தகைக்காரரை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது. நிலம் பிள்ளைக்கும் போகும்.

அடுத்தவர் சோப்புக்காரர். வில்லியம் லீவர் என்கிற லீவர்ஹுல்ம் பிரபு. சன்லைட், லைஃப்பாய் சோப்புகளைத் தேய்த்துக் குளித்த நமக்கு ‘லீவர்’ தெரியாத பெயரில்லை. 1918-ல் அவர் லூயிஸை மொத்தமாக வாங்கினார். நல்ல மனிதர்தான். அவருடைய கனவும் நல்ல கனவுதான். ஸ்டோர்னோவேயைப் பெரிய மீன்பிடி நகரமாக்கி, டப்பாவில் அடைத்து, பிரிட்டன் முழுக்கத் தன் சொந்தக் கடைகளில் விற்பது. எல்லோருக்கும் வேலை, சம்பளம், நல்ல வீடு. கிராஃப்டர்களின் துண்டு நிலமெல்லாம் அவர் கண்ணுக்கு தண்டச் சமாசாரம்.

ஆனால் அவர் வந்த நேரம் அப்படி. முதல் உலக யுத்தத்துக்கு லூயிஸ் வாரி வழங்கியிருந்தது. 1919 ஜனவரி முதல் தேதி விடிவதற்கு முன், யுத்தம் முடிந்து வீடு திரும்பிய வீரர்களை ஏற்றிவந்த ‘அயோலேர்’ என்ற கப்பல், ஸ்டோர்னோவே துறைமுகத்தின் விளக்குகள் தெரிகிற தூரத்தில் பாறையில் மோதியது. 201 பேர் செத்துப்போனார்கள். நாலு வருஷம் குண்டுக்குத் தப்பியவர்கள், புத்தாண்டன்று வீட்டு வாசலில் மூழ்கினார்கள். அந்தத் தீவில் அழாத வீடு இல்லை.

பிழைத்து வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யுத்தத்துக்குப் போகும்போது அரசாங்கம் சொன்ன நிலம். கால், க்ரெஸ் என்ற இரண்டு பண்ணைகளில் புகுந்து முளையடித்துத் தங்களுக்குள் பங்கு போட்டார்கள். லீவர்ஹுல்மோ, நகரத்துக்குப் பால் வேண்டும், பண்ணையை உடைக்க மாட்டேன் என்றார். அவரே நேரில் போய் க்ரெஸ் பாலத்தருகே ஆயிரம் பேர் கூட்டத்தில் தன் திட்டத்தை விளக்கினார். கேட்டார்கள், ரசிக்கவும் செய்தார்கள். ஆனால் நிலத்தை விடவில்லை. சம்பளம் இன்று வரும், நாளை நிற்கும். நிலம் அப்படியா?

பணமும் நெருக்க, கடைசியில் 1923-ல் பிரபு கையை விரித்தார். போகும்போது ஒரு பெரிய காரியம் செய்தார். நிலத்தை மக்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஸ்டோர்னோவே வட்டாரம் ஏற்றுக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுக்கும் டிரஸ்ட் பிறந்தது. மற்ற வட்டாரங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவை வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டன. அதே வருஷம் ஏப்ரலில் ‘மெடகாமா’ என்ற கப்பல் ஏறக்குறைய 300 இளைஞர்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் போனது. 1911-ல் அந்தத் தீவுக்கூட்டத்தில் 46 ஆயிரத்துக்கு மேல் ஜனம். 2001 கணக்கெடுப்பில் 26,502.

இந்தக் கடைசி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் ஏன் காற்றாலையை வரவேற்றது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளைகள் கிளாஸ்கோவுக்குப் போனார்கள், திரும்பவில்லை. மீன் தொழில் படுத்துவிட்டது, ஹாரிஸ் ட்வீட் நெசவு தள்ளாடியது. போதாக்குறைக்கு கவுன்சிலுக்கு ஒரு சூடு வேறு. 1991-ல் பி.சி.சி.ஐ. திவாலானது. கிரிக்கெட் போர்டு என்று நினைத்துவிடாதீர்கள், இது சர்வதேச பேங்க். அதில் போட்டுவைத்திருந்த சுமார் 2 கோடியே 30 லட்சம் பவுண்ட், இந்தச் சின்னக் கவுன்சிலின் பணம். போச்சு. காமர்ஸ் படித்தவர்கள் முதல் வருஷமே கற்றுக்கொள்வது, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்பதுதான். கவுன்சிலில் யாரும் அந்த வகுப்புக்குப் போகவில்லை போலிருக்கிறது.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கம்பெனி வருகிறது. ‘லூயிஸ் விண்ட் பவர்’. ஏமெக் என்ற பொறியியல் கம்பெனியும் பிரிட்டிஷ் எனர்ஜியும் சேர்ந்து அமைத்தது. ‘உங்களிடம் வற்றாத ஒரு சொத்து இருக்கிறது. காற்று! குத்தகை தருகிறோம், ஊருக்கு நிதி தருகிறோம், கட்டும்போது வேலை தருகிறோம்’ என்கிறது. வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா?

2004-ல் விண்ணப்பம் போட்டார்கள். 234 காற்றாலைகள், 702 மெகாவாட். எதிர்ப்பு வந்ததும் 181 ஆகக் குறைத்தார்கள், சுமார் 652 மெகாவாட். அப்போதும் ஐரோப்பாவின் மிகப் பெரிய தரைக் காற்றாலைத் திட்டங்களில் ஒன்று. ஒவ்வொன்றும் இறக்கை நுனி வரை 140 மீட்டர். சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இன்னொரு பாதி வைத்தாலும் எட்டாது. அப்படி 181! அவற்றுக்கு கான்கிரீட் அஸ்திவாரம், கல் குவாரிகள், சதுப்பின் குறுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு. இரண்டு முறையும் கவுன்சில் பெரும்பான்மையாக ஆதரித்தது. நில உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டோர்னோவே டிரஸ்ட்டும் ஆதரவு. ஆமாம், சோப்புப் பிரபு மக்களுக்கே கொடுத்துவிட்டுப் போன அதே டிரஸ்ட்!

ஊர் இரண்டுபட்டது. ‘காற்றாலையில்லாச் சதுப்பு’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு உருவானது. கிராமம் கிராமமாகக் கூட்டம். பறவை ஆர்வலர்கள் தங்கக் கழுகைக் காட்டினார்கள். விஞ்ஞானம் தெரிந்தவர்கள் வேறொரு கணக்குச் சொன்னார்கள். ஈரமாக இருக்கும் வரைதான் பீட், கார்பனைப் பூட்டிவைக்கிற பெட்டகம். ரோடு போட்டு வாய்க்கால் வெட்டிக் காயவிட்டால் அந்தக் கார்பன் காற்றில் கலக்கும். பூமி சூடாவதைத் தடுக்க வந்த காற்றாலை பூமியைச் சூடாக்கும் பெட்டியைத் திறந்துவிடுவதா?

ஆனால் மக்களின் மனசில் இருந்த கோபம் வேறு. ‘அங்கே ஒன்றுமே இல்லையே’ என்று திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் சுருக்கென்று தைத்தது. நம் ரெவின்யூ பாஷையில் சொன்னால், புறம்போக்கு.

உள்ளூர் எழுத்தாளர் ஃபின்லே மக்லியோடும் நண்பர்களும் செய்த வேலைதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது. கோஷம் போடவில்லை, பந்த் நடத்தவில்லை. அகராதி எழுதினார்கள்! சதுப்பைப் பற்றி கேலிக் மொழியில் இருக்கிற சொற்களைத் தொகுத்தார்கள். மூன்றே மூன்று குக்கிராமங்களில் 120-க்கும் மேற்பட்ட சொற்கள் கிடைத்தன. செடிகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற சின்ன ஓடைக்கு ஒரு சொல். காலை வைத்தால் நடுங்குகிற சேற்றுக்கு ஒரு சொல். நீரோடையின் அடியில் நிலா வெளிச்சத்தில் மின்னி சால்மன் மீன்களை இழுக்கிற வெள்ளைக் கற்களுக்கு ஒரு சொல். காற்றடிக்கிற வெயில் நாளில் மேகங்களின் நிழல் சதுப்பின் மேல் ஓடுகிறதே, அதற்கும் ஒரு சொல் உண்டு. ‘ரியனாக் மாய்ம்’.

ஒன்றுமே இல்லாத இடத்துக்கு யாராவது 120 பெயர் வைப்பார்களா? ராபர்ட் மாக்ஃபார்லேன் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்தச் சொற்பட்டியலைப் பார்த்து அசந்துபோய், 2015-ல் ‘லேண்ட்மார்க்ஸ்’ என்று புத்தகமே எழுதினார்.

முடிவு 2008 ஏப்ரல் 21-ல் வந்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் கடைசி முடிவு கவுன்சில் கையில் இல்லை, ஸ்காட்லாந்து அரசாங்கத்தின் கையில். எரிசக்தி மந்திரி ஜிம் மாதர் அனுமதி மறுத்தார். மக்கள் ஜெயித்துவிட்டார்கள்!

அப்படிச் சொல்லத்தான் ஆசை. உத்தரவைப் பார்த்தால் கதை வேறு. நிராகரிப்புக்குக் காரணம், ஐரோப்பிய யூனியனின் 1979-ம் வருடப் பறவைகள் சட்டம். அந்தச் சதுப்பு, அதன்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. கழுகும் உப்புக்கொத்தியும் முக்குளிக்கிற நீர்ப்பறவைகளும் குஞ்சு பொரிக்கிற இடத்தைக் கெடுக்கக் கூடாது. கோடைக்குடிசைக்குச் சட்டத்தில் இடமில்லை. பீட் வெட்டிய பாட்டனுக்கும் 120 சொற்களுக்கும் இடமில்லை. 10,924 கடிதங்களால் சாதிக்க முடியாததை, ஓட்டுரிமையே இல்லாத பறவைகள் சாதித்தன. நல்லவேளை, அவை அங்கே கூடு கட்டியிருந்தன.

கவுன்சிலுக்கு ஏமாற்றம். அதிலும் நியாயம் இருந்தது. வரவேண்டிய பணம் வரவில்லை, பிள்ளைகள் போவது நிற்கவில்லை. பறவை குஞ்சு பொரிப்பதால் யாருக்கும் சம்பளம் கிடைக்காது. எதிர்த்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சொன்னார்கள். இதுதான் கதையின் கடைசிக் கட்டம்.

கம்பெனி குறிவைத்த நிலங்களில் ஒன்று கால்சன் எஸ்டேட். 56 ஆயிரம் ஏக்கர், 22 கிராமங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 2007 ஜனவரியில், அந்த எஸ்டேட்டை ஊர் மக்களே டிரஸ்ட் அமைத்து வாங்கிவிட்டார்கள். 1923-ல் வராத தைரியம் 84 வருடம் கழித்து வந்தது. பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காற்றாலை வைத்தார்கள்! 181 அல்ல, மூன்று. வருமானம் ஊருக்கு.

ஸ்டோர்னோவே பக்கத்தில் பாயிண்ட், சாண்ட்விக் என்ற ஊர்களின் மக்கள் சேர்ந்து இன்னும் மூன்று வைத்தார்கள். பெரிசு, மொத்தம் 9 மெகாவாட். 2015 கடைசியில் ஓடத் தொடங்கியபோது பிரிட்டனிலேயே ஒரு சமூகத்துக்கு முழுக்கச் சொந்தமான மிகப்பெரிய காற்றாலைப் பண்ணை அதுதான். லாபத்தில் ஒரு பங்கு, சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்கிற ஸ்டோர்னோவே இல்லத்துக்குப் போகிறது. ‘அயோலேர்’ மோதிய பாறைக்கு அக்கம்பக்கத்து ஜனங்கள் இவர்கள்.

ஆக, காற்றாலை வேண்டாம் என்று சொன்ன அதே தீவுதான் காற்றாலை வைத்தும் காட்டியது. அபின்காரர், சோப்புக்காரர், கம்பெனி என மூவரும் லூயிஸுக்குத் தந்தது சம்பளமும் வாடகையும்தான். தீவுக்காரன் ஒவ்வொரு முறையும் கேட்டது, ‘எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதை யார் முடிவு செய்வது?’ என்ற கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகு, சுற்றுகிற இறக்கையைப் பார்த்து அவன் முகம் சுளிக்கவில்லை.

உலகம் பூராவும் இனி காற்றாலையும் சூரிய மின்தகடுகளும் பெருகத்தான் போகின்றன, பெருகத்தான் வேண்டும். அவற்றை நட இடம் தேடி யாராவது வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ‘இது சும்மா கிடக்கிற நிலம்தானே’ என்று விரல் வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் விரலை எடுப்பதற்குள் பக்கத்தில் இருக்கிற கிழவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

‘பாட்டி, இந்த இடத்துக்கு என்ன பேரு?’